கறுக்காத சீட்டு

அத்தியாயம் ஐந்து

என் மனைவியை வேறொரு ஆண் "வாலு" என்று கூப்பிட்டதை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு.

"ஏய் வாலு! வந்துட்டியா?"

ஒன்று, என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

கூப்பிட்டவர் அந்த நிலையத்தின் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவராம். ஆறடி உயரம். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. ஒரு ஆணுக்கு எதற்கு இரண்டு குழி? ஒன்று போதாதா?

என் மனைவி துப்பறிபவள். நான் அவளுடைய உதவியாளன். வேலை நேரத்தில் நான் அவளை "மேடம்" என்பேன், அவள் என்னை "அசிஸ்டெண்ட்" என்பாள். வீட்டுக்குப் போனதும் அவள் "என்னங்க" என்பாள், நான் "ம்" என்பேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இந்த "வாலு" என் காதில் விழுந்ததே இல்லை. போதாக்குறைக்கு, விசேஷத்துக்கு மட்டும் என்று பீரோவின் மேல் தட்டில் மடித்து வைத்திருந்த நீலப் புடவையை இன்று கட்டியிருந்தாள். நானோ காலர் மடங்கிய, இஸ்திரி காணாத சட்டையில் நின்றிருந்தேன்.

"இவர் என் அசிஸ்டெண்ட்," என்று என்னைக் காட்டினாள்.

"வீட்டுக்காரரும்தான்," என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

"அட, அப்படியா!" குழிகள் இரண்டும் விழுந்தன.

வரவேற்பு மேஜையில் இருந்த சின்ன மெஷின் எங்களையும் நோயாளிகள் என்று நினைத்து ஒரு டோக்கன் சீட்டைத் துப்பியது. அறுபத்து நாலு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நடந்துகொண்டே டாக்டர் விஷயத்தைச் சொன்னார். "இன்னைக்கு ஒண்ணரை மணிக்கு எங்க அக்காவுக்கு ஊசி குத்திடுச்சு. கழிவுப் பைக்குள்ள இருந்த ஊசி. ஊசி பைக்குள்ள இருக்கவே கூடாது, வாலு. நிர்வாகம் யார் போட்டதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. நாலரைக்கு மீட்டிங். கையெழுத்து ஆனா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். காரணத்தையும் எழுதி அனுப்புவாங்க. அப்புறம் எந்த லேப்லயும் சேர்க்க மாட்டாங்க."

இரண்டு.

"நீ அவ போடலைன்னு நினைக்கிற?" என்றாள் என் மனைவி.

"அவ வேலையை நான் ரெண்டு வருஷமா பார்க்கறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆதாரம் முழுக்க அவளுக்கு எதிராதான் இருக்கு."

உள்ளே ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி மூன்று பெண்கள். அழுது முகம் வீங்கியிருந்தவள்தான் குற்றம் சாட்டப்பட்டவள். சிறிய உருவம், பரபரப்பான கைகள்; அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் "குருவி". அவளுக்கு எதிரே, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி பதினோரு வருட அனுபவமுள்ள சீனியர் டெக்னீஷியன். மூன்றாவது, ஆள்காட்டி விரலில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த துப்புரவுப் பணியாளர். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவரை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வலிக்குதா அக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வலி என்ன வலி? சோப்புப் போட்டுக் கழுவியாச்சு, ரத்தமும் டெஸ்டுக்கு எடுத்தாச்சு. ஸ்டீம்ல வெந்த ஊசிதானே, கிருமியெல்லாம் செத்திருக்கும்னு டாக்டர் தம்பி சொல்லிட்டார். இந்தப் பொண்ணு அழறதுதான் தாங்கல."

குருவி மூக்கை உறிஞ்சினாள். "மேடம், நான் தூக்கத்துல எழுப்பினாலும் சரியாப் போடுவேன். கிருமி வளர்த்துப் பார்க்கற கல்ச்சர் தட்டு, ரத்தம் பட்ட டியூப் எல்லாம் இந்த மஞ்சள் பை. கையுறை, ஊசி எடுத்த சிரிஞ்சு எல்லாம் சிவப்புப் பை. ஊசி மட்டும் கட்டர்ல வெட்டி, அந்த வெள்ளை டப்பா. அதுவும் முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடிடுவோம். மஞ்சள் பையை மறுநாள் காலையில ஆட்டோகிளேவ்ல வச்சு ஒரு மணி நேரம் ஸ்டீம் கொடுப்போம். வெளிய வந்ததும் ஸ்டோர் ரூம். அங்க அக்கா பையோட வாயைக் கட்டி, ரெண்டாவது பைக்குள்ள போட்டு, எடை போட்டு வைப்பாங்க. நாலு மணிக்கு வண்டி வந்து எடுத்துக்கும்."

"ஸ்டீம்ல வைக்கும்போது பையோட வாய் கட்டியிருக்காதா?"

"இறுக்கிக் கட்டினா ஆவி உள்ள போகாதே மேடம். தளர்த்தி விட்டுடுவோம்."

"ஸ்டோர் ரூம் சாவி?"

"ரெண்டு," என்றார் டாக்டர். "ஒண்ணு அக்கா இடுப்புல. இன்னொண்ணு வண்டியில."

மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சிரிஞ்சு இருந்தது. ஊசி அப்படியே பளபளத்தது. பக்கத்தில், அதே பைக்குள் கிடைத்த ஊசியின் குட்டி பிளாஸ்டிக் மூடி. சிரிஞ்சின் உடம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்துகள் தெளிவாக இருந்தன: நேற்றைய தேதி, மாலை நாலு பத்து, ஒரு நோயாளி எண், அதற்குக் கீழே "எடுத்தவர்: 7".

"ஏழு நான்தான்," என்றாள் குருவி. "உபரிச் சீட்டை சிரிஞ்சு மேல ஒட்டற பழக்கமும் எனக்கு மட்டும்தான். டியூபுக்கு மாத்தறவரை ஆள் மாறிடக்கூடாதுன்னு. ஆனா இந்த ஊசியை நான் போடல. சத்தியமா போடல."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க," என்றார் சீனியர், கண்ணாடியைத் துடைத்தபடி. "அடுத்த மாசத்திலிருந்து இன்சார்ஜ் பதவி வேற இவளுக்கு. பதினோரு வருஷம் இருக்கறவங்களை விட்டுட்டு ரெண்டு வருஷத்துக்காரிக்கு. நல்லா இருக்கு."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "அசிஸ்டெண்ட், எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க."

"நானா? இந்த நேரத்துலயா?"

"பின்வாசல் வழியாப் போங்க. அங்கதான் கடை."

ஆறடியையும் நீலப் புடவையையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. வாசல் தாண்டும்போது அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பின்பக்க முற்றத்தில் கழிவு வண்டி நின்றது. நாலு மணிக்கு வர வேண்டியது இப்போதே வந்திருந்தது. ஓட்டுநர் வண்டியின் முன்கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல உடற்கட்டு, தூங்காத கண்கள். முன்சீட்டில் ஒரு காலியான சாப்பாட்டுப் பை. பையின் அடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது.

"உள்ள என்ன சொல்றாங்க சார்?" என்று ஓடி வந்தார். "நான் அவ வீட்டுக்காரன். குருவியோட."

"விசாரிச்சிட்டு இருக்காங்க. கவலைப்படாதீங்க."

"கவலைப்படாம எப்படி? ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாடு கொடுத்துட்டுப் போனேன், நல்லாத்தான் இருந்தா. இப்ப இப்படி." துணியை முறுக்கினார். "அந்த டாக்டர் உள்ள இருக்காரா?"

"இருக்கார். சிரிச்சிட்டு இருக்கார்."

"சிரிப்பார் சார், சிரிப்பார். எல்லார்கிட்டயும் சிரிப்பார்."

இந்த உலகத்தில் என்னைப் புரிந்துகொள்ளும் ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. "ரெண்டு கன்னத்துலயும் குழி வேற," என்றேன்.

"அதான் சார்!" என்றார் அவர். அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டோம். "நேத்து சாயங்காலம் இவ அவர் ரூமுக்குப் போனா. இருபத்திரண்டு நிமிஷம். முந்தாநாள் பதினேழு. என்னன்னு கேட்டா, 'ஆபீஸ் விஷயம்'ங்கறா. வீட்டுல என்கிட்ட பேசறதே பத்து நிமிஷம்தான்."

"என் சம்சாரத்தை 'வாலு'ங்கறார். வந்து பத்து நிமிஷத்துல ரெண்டு தடவை."

"ரெண்டா!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

டீக்கடையில் கண்ணாடி டம்ளர்களில் ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்தார்கள். தட்டோடு தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது டாக்டர் ஏதோ பள்ளிக்கூடக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். சீனியரைத் தவிர எல்லோருடைய முகத்திலும் மிச்சச் சிரிப்பு.

"இங்க சாப்பிடக் குடிக்கக் கூடாது சார், லேப்," என்று சீனியர் அதட்டினார்.

சங்கடத்தோடு பக்கத்து வரவேற்பு மேஜைக்குத் தட்டை மாற்றினேன். கையைச் சுட்டது. என் டம்ளரை அவசரமாகக் கீழே வைக்கும்போது மேஜை பாழாகக்கூடாதே என்று சட்டைப்பையில் இருந்த டோக்கனை எடுத்து அடியில் வைத்தேன். அறைக் கதவு திறந்தே இருந்தது. எல்லோரும் வெளியே வந்து டீயை எடுத்துக்கொண்டார்கள்.

"வாலு, இன்னும் உனக்குச் சர்க்கரை ரெண்டு ஸ்பூன்தானா?"

எட்டு. நடுவில் இருந்த ஐந்தையும் சொல்லி உங்களை அலுக்க வைக்க மாட்டேன்.

நான் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, டம்ளர் இருந்த இடத்தைப் பார்த்தாள். டோக்கன் சீட்டை எடுத்தாள். அறுபத்து நாலு என்ற எண்ணைச் சுற்றி, டம்ளரின் அடிப்பாகம் பட்ட அளவுக்கு, கன்னங்கரேல் என்று ஒரு வளையம்.

"டீ சிந்திடுச்சா?" என்றேன்.

"சிந்தலை. காய்ஞ்சுதான் இருக்கு." அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு குருவியிடம், ரொம்பச் சாதாரணமாக, "இந்த டோக்கனும் உங்க ரத்தச் சீட்டும் ஒரே மாதிரி காகிதமா?"

"ஆமா மேடம். ரெண்டு மெஷினுக்கும் ஒரே மாதிரி ரோல்தான். மை கிடையாது, சூடு பட்டா எழுத்து வரும்."

"அந்த மஞ்சள் பையில உங்க டியூபெல்லாம் இருக்குமே. அதுங்க மேல ஒட்டின சீட்டெல்லாம் இப்ப எப்படி இருக்கும்?"

"ஸ்டீம்ல போனா எல்லாச் சீட்டும் முழுசாக் கறுத்துதான் போகும். ஒரு எழுத்துகூட..."

குருவியின் வாய் திறந்தபடியே நின்றது.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். சீனியர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியை நோக்கி நடந்தார். மூடி வைத்திருந்த மஞ்சள் பையை டாக்டர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிரித்தார். உள்ளே இருந்த டியூப்கள் எல்லாவற்றிலும் சீட்டுகள் கரித்துண்டு மாதிரி கறுத்திருந்தன. பக்கத்தில் சிரிஞ்சின் சீட்டு, சலவைக்குப் போய் வந்த மாதிரி வெள்ளை.

"எழுத்து தெளிவா இருக்கேன்னுதான் அவளைப் பிடிச்சீங்க," என்றாள் என் மனைவி. "தெளிவா இருக்கக் கூடாது. அந்தச் சிரிஞ்சு ஸ்டீமுக்குள்ள போகவே இல்லை. பை வெளிய வந்து ஸ்டோர் ரூமுக்குப் போன பிறகு யாரோ உள்ள சொருகியிருக்காங்க. அந்த நேரத்துல குருவி எங்க?"

"பை வெளிய வந்ததே பன்னெண்டு மணிக்கு. அப்பலேருந்து ஒண்ணரை வரைக்கும் என் கண் முன்னால ரத்தம் எடுத்துட்டு இருந்தா," என்றார் சீனியர் மெதுவாக. "நடுவுல வாசல்ல போய்ச் சாப்பாடு வாங்கிட்டு வந்தா. ஒரு நிமிஷம்."

குருவி அழுதுகொண்டே சிரித்தாள். ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் இல்லக்கா! நான் இல்ல!"

அக்கா சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப," என்றார், "இந்த ஊசி வேகலையா?"

அறையில் இருந்த சந்தோஷம் அப்படியே நின்றது. ஒரு பெண்ணைக் காப்பாற்றிய அதே சீட்டு இன்னொரு பெண்ணைப் பள்ளத்தில் தள்ளியிருந்தது. கொதித்த ஊசி என்ற ஒரே தைரியத்தில்தான் அவர் இவ்வளவு நேரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யார் ரத்தம் தம்பி அது?" என்று டாக்டரைக் கேட்டார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

டாக்டரின் குழிகள் எங்கோ போய்விட்டன. "பயப்படாதீங்கக்கா. எச்.ஐ.வி. வராம தடுக்க மாத்திரை இருக்கு, உடனே ஆரம்பிச்சா நல்லாக் காப்பாத்தும். இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். கொஞ்சம் குமட்டும். இப்பவே முதல் மாத்திரை தர்றேன்." அலமாரியை நோக்கி ஓடினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஓட்டத்தில் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப் போனது. கொஞ்சம்தான்.

"யார் போட்டதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஊசி யார் உடம்புல போச்சுன்னு தெரியும்," என்றாள் என் மனைவி.

நான் சீனியரைப் பார்த்தேன். "பதினோரு வருஷம். இன்சார்ஜ் வேலை கை தவறிப் போச்சு. வயிறு எரியாதா?"

"எரியுது," என்றார் சீனியர், ஒரு விநாடிகூடத் தயங்காமல். "ராத்திரி தூக்கம் வரலை. இவளைப் பார்த்தாலே எரியுது. ஆனா நான் செஞ்சிருந்தா அந்தச் சீட்டை முதல்ல தீக்குச்சில காட்டிக் கறுப்பாக்கிட்டுத்தான் போட்டிருப்பேன். பதினோரு வருஷம் சும்மாவா இருந்தேன்?"

"அப்புறம் யாருடையதுன்னே தெரிஞ்சிருக்காதே?"

"அதான் சொல்றேன். எனக்கு அது பிரயோஜனமே இல்லாத வழி சார். இங்க வேலை செய்யற யாருக்கும் தோணாது."

என் மனைவியின் உதட்டு ஓரத்தில் சிரிப்பு வந்தது. கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். "மூடியும் அதையேதான் சொல்லுது. இங்க ஊசியைப் பிரிச்சதும் மூடி எங்க போகும்?"

"உடனே குப்பைக்கு," என்றாள் குருவி. "குத்தின ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது. முதல் நாள் சொல்லித் தர்ற பாடமே அதுதான்."

"ஆனா இந்த ஊசியோட மூடி பைக்குள்ள இருந்திருக்கு. ஆக, ஆள் லேப்காரர் இல்லை. யாரையும் குத்திடக்கூடாதுன்னு நினைச்ச ஆள். பை எப்ப வெளிய வரும்னு தெரிஞ்ச ஆள். ஸ்டீம்ல வெந்த பைக்குள்ள என்ன ஆகும்னு ஒருநாளும் பார்க்காத ஆள். கட்டி மூடின பிறகுதான் அவர் பையையே பார்ப்பார்." என்னைப் பார்த்தாள். "குருவியோட சீட்டு எப்படிக் கிடைச்சதுன்னுதான் தெரியலை."

எனக்குத் தெரிந்தது. ஒரு சாப்பாட்டுப் பையின் அடியில் படபடத்த சின்னச் சீட்டு. இருபத்திரண்டு நிமிஷம், பதினேழு நிமிஷம். இன்னொருவருடைய மூடிய கதவை ஒரு மனிதன் எதற்காக அவ்வளவு துல்லியமாக அளப்பான் என்று நன்றாகத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். என் "வாலு" கணக்கு அப்போது பதினொன்றில் இருந்தது.

"மேடம்," என்றேன். "பத்து நிமிஷம் கொடுங்க. இது என் டிபார்ட்மெண்ட்."

முற்றத்தில் வண்டிக்காரர் இன்னும் அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல செய்தி," என்றேன். "உங்க வீட்டம்மா மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு."

அவர் முகம் மலரவில்லை. "அப்ப வேலை?"

"போகலை. இன்சார்ஜும் அவங்கதான்."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "சரி," என்றார். "நல்லது."

"அக்காவுக்குத்தான் பாவம். மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. இருபத்தெட்டு நாள். ரெண்டு பிள்ளைங்களை நினைச்சு அப்படியே உட்கார்ந்துட்டாங்க."

"எதுக்கு மாத்திரை? ஸ்டீம்ல போன ஊசிதானே?"

"போகலையாம். சீட்டு வெள்ளையா இருக்கே. ஸ்டீம்ல போனா கறுத்திருக்குமாம். இப்ப யாரோட ரத்தம்னே தெரியாம..."

"ரத்தமே இல்ல சார், அது புது ஊசி!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. துணி கையிலிருந்து விழுந்தது. என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

"காலையில கடையில வாங்கினேன்," என்றார், வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி. "கவர்கூட வண்டியில இருக்கு. சீட்டு நேத்து அவ சாப்பாட்டுப் பையில ஒட்டிட்டு வந்தது. பசை இல்லையா, எப்பவும் எங்கயாவது ஒட்டிட்டு வரும். ஒரு மணிக்குச் சாப்பாடு கொடுத்துட்டு, மூடி போட்டுத்தான் சார் சொருகினேன். எரிக்கற இடத்துல பையைச் சோதிப்பாங்க, அங்க கண்டுபிடிச்சு லேபுக்குப் புகார் எழுதுவாங்க, அவளை நிறுத்துவாங்கன்னு... அக்கா கையில படும்னு நினைக்கவே இல்லை."

"வேலை போனா வீட்டுல இருப்பாங்கன்னா?"

"வேலை போனா அந்த டாக்டர் ரூம் கதவும், இருபத்திரண்டு நிமிஷமும் இருக்காதுல்ல சார்."

பின்வாசலில் வளையல் சத்தம் கேட்டது. என் மனைவியும் குருவியும் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை; குருவியின் முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம்.

"இருபத்திரண்டு நிமிஷமா?" என்றாள். குரலில் அழுகை இல்லை. "எண்ணிட்டு இருந்தியா?"

காலை வரை அவள் அவரை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருப்பாள். அது நின்றுபோயிருந்தது.

"நான் வந்து..."

"உள்ள என்ன பேசினேன்னு சொல்லவா? இன்சார்ஜ் ஆனா வண்டி நேரத்தை மாத்தக் கேட்கலாம், ஆனா டாக்டர் ஒத்துக்கணும். நாலு மணி வண்டியை அஞ்சரை ஆக்கித் தாங்கன்னு கேட்டேன். என் வேலை முடியற நேரம் அது. உன் வண்டியை டெப்போல விட்டுட்டு ஒண்ணா பஸ்ல போகலாம்னு. அவர் முந்தாநாள் முடியாதுன்னுட்டார். ஸ்டோர் ரூம்ல அவ்வளவு நேரம் பை இருக்கக் கூடாதுன்னார். நேத்து நான் ஸ்டீம் போடற நேரத்தை மதியத்துக்கு மாத்தி ஒரு அட்டவணை எழுதிட்டுப் போய்க் காட்டினேன். ஒவ்வொரு வரியாப் படிச்சார். அதுக்கு ஆச்சு இருபத்திரண்டு நிமிஷம். ஒப்புக்கிட்டார்." மூச்சு வாங்கினாள். "ஒண்ணாம் தேதி உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

குருவி கையை நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு ஸ்டோர் ரூம் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கவரையும் எடு. முதல்ல அக்காகிட்ட போய்ச் சொல்லு. நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கிழிந்த சிரிஞ்சு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரை விழுங்கிய தண்ணீர் டம்ளர் இன்னும் இடது கையில் இருந்தது.

"என் கையில குத்தினது உன் சந்தேகமா தம்பி?"

"மூடி போட்டுத்தான்க்கா வச்சேன்..."

"மூடி கழண்டு போகும். அதனாலதான் வெள்ளை டப்பான்னு ஒண்ணு வச்சிருக்காங்க. தினமும் எங்க பையைத் தூக்கற உனக்கு இது தெரியலையே." கவரை மேஜை மேல் வைத்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகையா, நிம்மதியா என்று யாரும் கேட்கவில்லை. குருவி பக்கத்தில் போய் நின்றாள். அக்கா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இவர் சொல்றது உண்மையாத்தான் தெரியுது. ஆனாலும் வாய்வார்த்தையை வச்சு மாத்திரையை நிறுத்த மாட்டேன். நாளைக்குப் பெரிய டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும். டெஸ்டெல்லாம் தேதிப்படி எடுப்போம். அதுவரைக்கும் உங்களுக்கு லீவு, அக்கா."

நாலரை மணி மீட்டிங் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குருவிக்காக டைப் செய்திருந்த கடிதம் இரண்டாகக் கிழிந்தது. வண்டிக்காரர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறொரு ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துப் போனார். குருவியின் கணவர் வாசல் ஓர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குருவி அவரைத் தாண்டித்தான் உள்ளே போனாள். பார்க்கவில்லை. உட்காராதே, போ என்றும் சொல்லவில்லை.

"என் எரிச்சல் ஒண்ணும் போயிடல," என்று சீனியர் அவளிடம் ஒரு ஜோடி புதுக் கையுறையை நீட்டியது என் காதில் விழுந்தது. "ஆனா அஞ்சு பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருக்காங்க. மூக்கைத் துடைச்சிட்டு வா."

நாங்கள் வெளியே வந்தோம். டாக்டர் வாசல் வரை வந்து கை ஆட்டினார். நல்ல வேளையாக "வாலு" என்று சொல்லி ஆட்டவில்லை.

பஸ் நிறுத்தத்தில் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எத்தனை?" என்றாள்.

"என்ன எத்தனை?"

"எண்ணிட்டு இருந்தீங்களே."

"பதினொண்ணு."

"பன்னெண்டு. நீங்க டீ வாங்கப் போனப்ப ஒண்ணு."

"அது என்னவாம்?"

"'வாலு, உன் வீட்டுக்காரர் என்னை முறைக்கிற முறைப்புல என் கோட்டு தீஞ்சுடும் போலிருக்கு'ன்னான்."

"அதுக்குத்தான் எல்லாரும் அப்படிச் சிரிச்சீங்களா?"

"அதுக்கும், ஆறாம் வகுப்புல நான் அவன் சட்டைக்குப் பின்னால காகித வால் ஒட்டிவிட்டதுக்கும். ஒட்டினது நான், பேர் வந்ததும் எனக்கே."

வெயில் சாய்ந்திருந்தது. டோக்கன் சீட்டை அவள் இன்னும் கையில் வைத்திருந்தாள், கறுப்பு வளையத்தோடு. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு பஸ் போகும்வரை யோசித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதன் ஞாபகம் வந்தது. அவன் கேட்டிருக்கலாம்.

"சரி, கேட்டுடறேன். இந்த நீலப் புடவை இன்னைக்கு எதுக்கு?"

அவள் என் மடங்கிய காலரைப் பார்த்தாள். பொறுமையாக அதை நிமிர்த்திவிட்டாள்.

"என்னங்க, வீட்டுல இஸ்திரி போடறது யார் வேலை?"

"என் வேலை."

"போன வாரம் போட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"பீரோவுல கசங்காம இருந்தது இது ஒண்ணுதான்."